ஒரு பை, மூன்று சாயம்

போன மாதம் காரைக்குடியில் ஒரு மண்டபத்தில் பெண்களுக்கு வீட்டுத் தொழில் வகுப்பு நடந்தது. பழைய தோல் கைப்பைகளைச் சுத்தம் செய்து புதுப்பிக்கிற வேலையை வெகுகாலம் வீட்டிலேயே பார்த்து ஓய்ந்தவள் என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சால்வை போர்த்தினார்கள். கையில் மைக்கைக் கொடுத்து, "மேடம், ஷார்ட்டா அஞ்சு டிப்ஸ் மட்டும் சொல்லிருங்க, அடுத்து மெழுகுவத்திக்காரவுக பேசணும்" என்றாள் ஏற்பாடு செய்த பெண்.

எனக்கு முன்னால் பேசிய அம்மாள், வாழைப்பழத் தோலால் தேய்த்தால் பை பளபளக்கும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தார். தோலுக்குத் தோல் என்பதைத் தவிர அதில் வேறு நியாயம் எனக்குப் புலப்படவில்லை. கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து, தேங்காய் எண்ணெயும் நல்லது என்று செல்பேசி வீடியோவில் பார்த்ததாகச் சொன்னாள். பழம் வந்துவிட்டது, தேங்காயும் வந்துவிட்டது. ஒரு கட்டிச் சூடம் கிடைத்தால் பைக்கு அர்ச்சனையே செய்துவிடலாம்.

"பையை மொதல்ல மோந்து பாருங்க" என்று நான் ஆரம்பித்தேன். சபை சிரித்தது. நான் நகைச்சுவைப் பேச்சாளர் என்று நினைத்துக்கொண்டார்கள். அதோடு என் நேரம் முடிந்து மெழுகுவத்தி வந்துவிட்டது. அங்கே சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்றதற்குக் காரணமே மூக்குதான். ஊரெல்லாம் காய்ச்சல் கண்ட காலத்தில் எனக்கும் வந்தது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கை இருக்கிறது, கண் இருக்கிறது, அப்புறம் ஏன் வேலையை விட்டாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய பையைத் திறந்து காட்டத்தான் முடியும். பூஞ்சை பிடித்த பைக்கு ஒரு வாடை. அந்துருண்டைக்குள் கிடந்த பைக்கு ஒரு வாடை. உள்துணியில் தைலம் கொட்டியதை மறைக்க மேலே சென்ட் அடித்த பைக்கு வாடை இரண்டு. நோய் தெரியாமல் வைத்தியம் பார்க்கக்கூடாது. அப்படிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் வீடியோ இருக்கிறது.

தொழில் கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் அத்தை வீட்டில் தங்கி, வெளிநாட்டுக்குப் பை அனுப்பும் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். சாயம் ஏற்றுகிற மேசையிலும் விளிம்பு பூசுகிற மேசையிலும் தையல் மேசையிலும் இருந்தேன். கல்யாணமாகி மானகிரிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேன். "தோல் பை தைக்கத் தெரியும்" என்று மாமியாரிடம் சொன்னபோது, "வேற நல்லதா எதுவும் தெரியாதா?" என்று கேட்டார்கள். அந்த நல்லதை நான் தேடிக்கொண்டிருந்தபோதுதான் உமையாள் ஆச்சி கிடைத்தார்.

ஆச்சிக்குக் கண்டனூரில் ஒரு பெரிய வீடு. வாசலில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் இருப்பவருக்குக் கேட்காது. அத்தனை பெரிய வீட்டில் ஆச்சி புழங்கியது இரண்டு அறைகள்தான். ஒன்றில் அவர் தூங்கினார். மற்றதில் பைகள் தூங்கின. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவுக்காரர்கள் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் ஊருக்கு வரும்போது, அங்கே பழையதாகிப்போன தோல் பைகளைப் பெட்டிக்குள் போட்டு எடுத்து வருவார்கள். ஆச்சி வாங்கிக்கொள்வார். நான் புதுப்பிப்பேன். சென்னையில் இருக்கும் இன்னும் சில உறவுக்காரர்கள் அவற்றை வாங்கிக்கொண்டு, கோலாலம்பூரில் வாங்கியதாகச் சொல்லிக்கொள்வார்கள். அது பொய்யும் இல்லை. யார் வாங்கினார்கள் என்பது மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும்.

ஆச்சி திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் முடித்த பையைக் கொண்டுபோனால் ஜன்னலோரம் எடுத்துப்போவார். இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, விரலில் சுற்றி, பையின் மூலையில் மூன்று தரம் தேய்ப்பார். கைக்குட்டையில் லேசாக நிறம் ஒட்டியிருந்தாலும் அதை என் பக்கம் திருப்பிக் காட்டுவார். "இன்னம் இருக்கு" என்பார். அவ்வளவுதான். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று சொல்லமாட்டார். அழுக்கா, சாயமா, வாடையா என்று நானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நல்லா இருக்கிறது என்பதற்கு அவரிடம் ஒரு சொல்லும் கிடையாது. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "காப்பி குடிக்கிறியா?" என்று கேட்டால் தேறிவிட்டது என்று பொருள். ஆரம்பத்தில் பல மாதங்கள் அந்த வீட்டில் எனக்குக் காப்பியே கிடைக்கவில்லை.

வேலை முறை என்று பார்த்தால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பொறுமைதான் வேண்டும். பையைக் கவிழ்த்து, உள்துணியை வெளியே இழுத்து, தையல் சந்துகளில் இருக்கும் தூசியை உலர்ந்த பிரஷால் எடுக்க வேண்டும். கொண்டை ஊசி, காய்ந்த துளசி, உருகி ஒட்டிய மிட்டாய் எல்லாம் வரும். வாடை போக நிழலில், காற்றில் வைக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் வைத்தால் பை அப்பளமாகிவிடும். பிறகு சோப்பின் நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடைக்க வேண்டும். தண்ணீர் தோலுக்குள் இறங்கக்கூடாது. எண்ணெய்க் கறை இருந்தால் சோளமாவைத் தூவி அது உறிஞ்சும் வரை சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் யாருக்கும் வருவதில்லை. உருவம் கெடாமல் இருக்கப் பைக்குள் அடைப்பதற்குச் செய்தித்தாளை வைக்கவே கூடாது. தலைப்புச் செய்தி உள்துணியில் அப்படியே பதிந்துவிடும். நான் என் வீட்டுக்காரரின் பழைய வேட்டிகளை வைத்தேன். "வேட்டி பழசாகுற வரைக்கும் இவளுக்குப் பொறுமை கெடையாது" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயம் ஏற்றும்போது பஞ்சால் மெல்லிசாக ஒரு பூச்சு. காயவிட்டு இன்னொரு பூச்சு. ஒரேயடியாக அப்பினால் வெடிக்கும். அறுந்த இடத்தில் மெழுகு தடவிய நூலை இரண்டு ஊசியில் கோத்து, ஒரே துளையில் அங்குட்டு ஒன்றும் இங்குட்டு ஒன்றுமாக விட்டுத் தைத்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும்.

வாடிக்கையாளர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ரெக்சின் பையைக் கொண்டுவந்து, "இது ஒரிஜினல் லெதர், எங்க சம்பந்தி துபாய்லருந்து கொண்டாந்தாக" என்பார்கள். அது செதில் செதிலாக உரிந்து என் மடியெல்லாம் கொட்டும். தோல் உரியாது என்று சொன்னால் சம்பந்தியை நான் அவமதித்ததாக ஆகிவிடும். அதனால், "இதை நான் தொட்டா கெட்டுப்போகும், அப்படியே வச்சுக்கங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். சம்பந்தியின் மானம் எத்தனையோ முறை என் கையால் பிழைத்திருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பைதான் எங்களை ஆட்டிவைத்தது.

அழகம்மை என்று ஆச்சிக்கு உறவில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் இறந்து ஒரு வருடம் முடிகிற சமயம். வீட்டில் படைப்பு வைத்திருந்தார்கள். இறந்துபோன பெரியவர்களை நினைத்துப் புதுச்சேலை வைத்து, சமைத்துப் படையலிட்டு, பங்காளிகள் எல்லோரும் கூடிக் கும்பிடுகிற நாள் அது. அழகம்மை கடைசிவரை தோளில் மாட்டியிருந்த கைப்பையையும் சேலையோடு வைத்துக் கும்பிட வேண்டும் என்று அவர் மகனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். மகன் அதை மனைவி சீதாவிடம் சொன்னார். சீதா பையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு கண்டனூர் வந்தார். செத்த எலியைத் தூக்குவது போல என்று எழுதலாம். ஆனால் எலியை அவ்வளவு வெறுப்போடு யாரும் தூக்கி நான் பார்த்ததில்லை.

"வள்ளி, இதைக் கொஞ்சம் பாக்குற மாதிரி ஆக்கிக் குடுங்க. கருப்பு போயி அங்கங்க வெளுத்திருக்கு. நல்லாக் கருப்படிச்சிருங்க. பங்காளிகளெல்லாம் வாராக" என்றார்.

மறுநாளே அழகம்மையின் மகள் தெய்வானை கோலாலம்பூரிலிருந்து வீடியோவில் வந்தார். "அந்தப் பை கருப்புன்னு யாரு சொன்னா? எங்க ஆத்தா பை செவப்பு. பீட்ரூட் செவப்பு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் ஸ்கூலுக்குப் போனேன். எனக்குத் தெரியாதா? செவப்பாத்தான் இருக்கணும்" என்றார். சீதாவிடம் சொன்னால், "நான் வாழ வந்த நாள்லருந்து அது கருப்புதான். கூட இருந்து பாத்தது யாரு, நானா அவுகளா?" என்றார். பையின் நிறத்தை விட்டு, கடைசிக் காலத்தில் ஆத்தாவைப் பார்த்துக்கொண்டது யார் என்ற இடத்துக்குப் பேச்சு போய்விட்டது. அங்கிருந்து அது திரும்பி வரவேயில்லை. என் செல்பேசிக்குச் சிவப்பு பற்றி ஒரு குரல் பதிவும் கருப்பு பற்றி ஒரு குரல் பதிவும் மாறி மாறி வந்தன. மகன் மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை. அவருக்கு நிறம் தெரியாது என்று தெரிந்தது.

இதில் ஆச்சிக்கு ஒரு சிக்கல் இருந்தது. வருகிற பைகளில் பாதி தெய்வானை வீட்டார் மூலமாகத்தான் வந்தன. அவர் முகம் கோணினால் பெட்டிகள் காலியாக வரும். சீதாவோ உள்ளூர், இருக்கிற கல்யாண வீட்டிலெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து பேசுகிறவர்.

நான் பையை மேசையில் வைத்து வேலையைத் தொடங்கினேன். முகர்ந்ததும் தெரிந்துவிட்டது, அது செருப்புப் பாலிஷ். சாயமே இல்லை. யாரோ கையால் பாலிஷைத் தேய்த்துத் தேய்த்துக் கருப்பாக்கியிருக்கிறார்கள். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்கக் கருப்பு வந்துகொண்டேயிருந்தது. அடியில் சிவப்பு தெரிந்தது. பீட்ரூட் சிவப்பேதான். தெய்வானை ஜெயித்துவிட்டார், தொழிலும் பிழைத்தது என்று எனக்குள்ளே ஒரு சந்தோஷம். சிவப்பை ஓரளவு சுத்தம் செய்து ஆச்சியிடம் கொண்டுபோனேன்.

ஆச்சி ஜன்னலோரம் போனார். கைக்குட்டையால் தேய்த்தார். பிறகு, பையின் வாரைப் பிடித்திருக்கும் பித்தளை வளையத்தை நகத்தால் நெம்பி அதன் அடியில் பார்த்தார்.

"இன்னம் இருக்கு" என்றார்.

"கருப்பெல்லாம் எடுத்துட்டேன் ஆச்சி."

"நான் அழுக்கைச் சொல்லல. இங்குட்டு வந்து பாரு."

வளையத்துக்கு அடியில், வெளிச்சமும் கையும் படாத இடத்தில், தோல் பச்சையாக இருந்தது. மழை பெய்த மறுநாள் வாழையிலை இருக்குமே, அந்தப் பச்சை. சிவப்பு அதன்மேல் யாரோ அடித்த பூச்சு. கருப்பு சிவப்பின்மேல் தேய்த்தது. பை பிறந்த நிறம் பச்சை.

"என்ன ஆச்சி செய்ய? கொண்டு வந்தவுக கருப்புங்குறாக. மலேசியாக்காரவுக செவப்புங்குறாக. நாம பச்சையக் கொண்டுபோயி நீட்டுனா ரெண்டு பேரும் சேந்துல்ல சண்டைக்கு வருவாக?"

ஆச்சி கைக்குட்டையைப் பார்த்தார். கருப்பும் சிவப்பும் அதில் ஒட்டியிருந்தன.

"அவுக ரெண்டு பேரும் உசுரோட இருக்காக. கருப்பு வேணுமோ செவப்பு வேணுமோ, கடையில போயி வாங்கிக்கிடட்டும்" என்றார். "இது அழகம்மை வாங்குன பை. அவ என்ன கலரு பாத்து வாங்குனாளோ அதுல குடு."

"அவுக கோவிச்சுக்கிட்டா நமக்குப் பை வராதே, ஆச்சி?"

"வரலைன்னா தூங்குவோம்."

தூக்கத்தைப் பற்றி ஆச்சிக்கு ஒரு நாளும் கவலை இருந்ததில்லை. கவலை எனக்குத்தான்.

சிவப்பை எடுப்பது சாமானியமாக இல்லை. அது வண்டிக்குப் பூசுகிற பெயின்ட் மாதிரி கெட்டியாக இருந்தது. பஞ்சில் அசிட்டோனைத் தொட்டு, கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் சிவப்போடு பச்சையும் கிளம்பிவிடும். வீட்டுக்காரர் நெடி தாங்காமல் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். மடிப்புகளில் பச்சை தேய்ந்து போயிருந்தது. வளையத்துக்கு அடியில் இருந்ததை மாதிரியாக வைத்துச் சாயம் கலக்கி, பஞ்சால் ஒற்றி ஒற்றி நிரவினேன். வாரின் தையலைப் பிரித்துப் புதிதாகத் தைத்தேன். வளையங்களைத் துலக்கினேன். கடைசியாகத் தோலுக்கு மெழுகுக் களிம்பு தடவி, துடைத்து, நிமிர்த்தி வைத்தபோது, இத்தனை வயதான ஒரு பொருளுக்கு இந்த மினுக்கு ஆகுமா என்று எனக்கே தோன்றியது. ஆச்சி கைக்குட்டையால் தேய்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. காப்பி வந்தது.

படைப்புக்கு முதல் நாள் நானும் ஆச்சியும் பையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சீதா வீட்டுக்குப் போனோம். வளவில், நடு முற்றத்தைச் சுற்றி, சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தெய்வானை விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். சீதா தாம்பாளங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் துணியை விலக்கினேன்.

கருப்பும் சிவப்பும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒன்று சேர்ந்தன.

"என்னது இது? கிளி மாதிரி?" என்றார் சீதா.

"எங்க ஆத்தா ஒரு நாளும் பச்சைப் பை வச்சிருந்ததில்ல! யாரு பையையோ மாத்திக் கொண்டாந்துட்டீக!" என்றார் தெய்வானை.

"பை மாறல. அடியில இருந்தது இதுதான்" என்றார் ஆச்சி.

"அடியில இருந்தா? உங்க இஷ்டத்துக்கு அடிப்பீகளா? நாளைக்குப் படைப்பு. எல்லாரும் கேக்கமாட்டாகளா?" தெய்வானை பேசப்பேச, நான் அடுத்த வருடத்துக் காலிப் பெட்டிகளை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தூணோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒருவர், "அதை இங்குட்டுக் கொண்டா" என்றார். அழகம்மையின் தங்கை விசாலம். கீழச்சிவல்பட்டியிலிருந்து வந்திருந்தார். அதுவரை யாரும் அவரிடம் சாப்பிட்டீர்களா என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

பையை மடியில் வாங்கி, திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"பச்சைதான்" என்றார். "பினாங்குல வாங்குனது. கப்பல்ல வந்து எறங்கையில தோள்ல இதுதான் கெடந்துச்சு. ஊரே பாத்துச்சு. அதான் வெனையாப் போச்சு. ‘எம் மருமக தோள்ல கிளியத் தூக்கிட்டுத் திரியிறா’ன்னு மாமியாக்காரி பேசுனா. அத்தானுக்கு வாய் ஏது? கொண்டுபோயி செவப்பு அடிச்சுட்டு வந்தாக. அக்கா ரெண்டு நாள் பேசல. பெறகு பேசிட்டா, வேற என்ன செய்ய?"

விசாலம் பையின் வாரை ஒரு தரம் தடவினார்.

"அத்தான் போனப்புறம் செவப்பு ஆகாதுன்னாக. யாரு சொன்னாங்குறது இப்ப எதுக்கு? அவளே பாலிசு டப்பாவ எடுத்து வச்சுத் தேச்சா. நான் பக்கத்துல இருந்தேன். புதுசு வாங்குக்கான்னேன். இதுக்கு அடியிலதான் என் பை இருக்குன்னா."

தெய்வானை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீதா தாம்பாளத்தைக் கீழே வைத்தார். இனி இந்த வீட்டில் எல்லோரும் மனிதர்களாகிவிடுவார்கள் என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

அந்த நேரம் பார்த்து அழகம்மையின் மகன் செல்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார். அந்த வீட்டில் நான் கேட்ட அவருடைய முதல் வாக்கியம் இதுதான்: "இந்த மாதிரிப் பழைய பைக்கு இப்ப வெளிநாட்டுல ரொம்பக் கிராக்கியாம்."

துடைத்த கண் உடனே காய்ந்தது.

"ஆத்தா பை மகளுக்குத்தானே வரணும்" என்று தெய்வானை வாரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"இத்தன நாள் அலமாரியில வச்சுக் காப்பாத்துனது நான்" என்று சீதா மறு பக்கத்தைப் பிடித்தார்.

இரண்டு விரலால் தூக்கி வந்த அதே கைதான். இப்போது ஐந்து விரலும் பற்றியிருந்தன. என் கண்ணெல்லாம் தையலின் மேல் இருந்தது. இரட்டை ஊசித் தையல்தான், உறுதியானதுதான். ஆனால் நாத்தனாரும் தம்பி மனைவியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தாங்கும் என்று எந்தத் தொழிற்சாலையிலும் சோதித்துப் பார்த்ததில்லை.

விசாலம் பையின் அடியைத் தன் மடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். "கைய எடுங்க ரெண்டு பேரும்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "நாளைக்கு வச்சுக் கும்பிடுங்க. கும்பிட்டு முடிச்சதும் நான் எடுத்துட்டுப் போயிருவேன். இது பச்சையா இருந்தப்ப நானும் அவளும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டது. செவப்புப் பை வேணுங்குறவ செவப்பத் தேடுங்க. கருப்பு வேணுங்குறவ கருப்பத் தேடுங்க."

தெய்வானை ஆச்சியின் முகத்தைப் பார்த்தார். ஆச்சி கூரையைப் பார்த்தார். கைகள் விலகின.

அந்த வருடம் கோலாலம்பூரிலிருந்து ஒரு பையும் வரவில்லை. நானும் ஆச்சியும் உள்ளூர்ப் பைகளையும் பள்ளிக்கூட வாத்தியார்களின் தோல் பைகளையும் வைத்து ஓட்டினோம். அதற்கடுத்த வருடம் தெய்வானை ஒரு பெட்டி நிறையக் கொடுத்தனுப்பினார். கூடவே குரல் பதிவு: "வள்ளி, இதுகளுக்கு அடியில எல்லாம் என்ன கலரு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க." எல்லாவற்றுக்கும் அடியில், மேலே இருந்த அதே நிறம்தான் இருந்தது. நல்ல பைகள்தான். என்ன செய்வது, அவற்றுக்கு மாமியார் வாய்க்கவில்லை.

விசாலத்தை அதன் பிறகு ஒரே ஒரு தரம் பார்த்தேன். காரைக்குடி பேருந்து நிலையத்தில், சந்தை நாளன்று. தோளில் பச்சைப் பை. அதன் வாயிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. கீரைக்கட்டு ஒன்று ஈரத்தோடு உள்ளே கிடந்தது. பையின் அடியில் தண்ணீர் சொட்டியது. கட்டைவிரல் அகலத்துக்கு அகலம் துடைத்தெடுத்த தோல் அது. ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"என்னம்மா அப்படிப் பாக்குற?" என்றார்.

"பையில ஈரம் படக்கூடாதும்மா. தோலு பொருமிரும். இதெல்லாம் அலமாரியில..."

"அலமாரியில வைக்கவா அவ வாங்குனா?" என்றார். "நல்ல பை. நெறையாக் கொள்ளுது." பிறகு என் தோளுக்கு அப்பால் பார்த்து, "எங்க ஊரு வண்டி வந்துருச்சு, தள்ளு" என்று என்னை ஒதுக்கிவிட்டு, முருங்கைக்காய் ஒன்றும் ஒடியாமல் படியேறிப் போனார்.